ஸ்மார்ட் வீடும் ஆச்சியின் டார்ச் லைட்டும்

போன ஐப்பசியிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு பஞ்சாயத்து ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு பக்கம் பெங்களூரில் ஐ.டி. வேலை பார்க்கும் அண்ணன். இன்னொரு பக்கம் பாளையங்கோட்டையில் பி.காம் மூன்றாம் வருஷம் படிக்கும் அடியேன். நடுவில் எண்பத்தொரு வயது ஆச்சி. சண்டை சொத்துக்காக இல்லை, ஒரு பல்புக்காக!

இரண்டு வருஷத்துக்கு முன்னால் லீவில் வந்த அண்ணன், "வீட்டை ஸ்மார்ட் ஆக்கப் போறேன்" என்று கிளம்பினான். ஆறு ஸ்மார்ட் பல்பு, போர்டுக்குள் ஒளிந்திருக்கும் பதினான்கு ஸ்மார்ட் சுவிட்ச், நடைவழியில் ஆள் வந்தால் கண்டுபிடிக்கும் சென்சார், பேசினால் பதில் சொல்லும் ஸ்பீக்கர் ஒன்று, மேல்தொட்டி நிரம்பினால் மோட்டாரை நிறுத்தும் கருவி. எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆயிற்று என்று அப்பா இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார். அண்ணன் இன்றுவரை சொல்லவில்லை.

முதல் மாதம் ஜாலியாகத்தான் இருந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்து ஸ்பீக்கரிடம் ஃபேன் போடச் சொல்லிவிட்டுப் போவார்கள். அப்புறம் மெல்ல மெல்ல வேலையைக் காட்ட ஆரம்பித்தது. பட்டனை அமுக்கி இரண்டு நொடி கழித்து விளக்கு எரியும். சில நேரம் எரியாது. நடுராத்திரி கரண்ட் போய் வந்தால், அணைத்து வைத்த பல்பெல்லாம் கல்யாண வீடு மாதிரி மொத்தமாக எரியும். நொந்து நூடுல்ஸ் ஆனது அம்மாதான். ஆனாலும் பழகிக்கொண்டோம்.

அப்புறம் வந்தது அந்த ஐப்பசி ராத்திரி.

அடைமழை. லைன் கரண்ட் போய்விட்டது. இன்வெர்ட்டர் வேலையை எடுத்துக்கொண்டது. நடைவழி விளக்கு இன்வெர்ட்டர் லைனில்தான் இருக்கிறது. ஆனால் வைஃபை மோடம் டி.வி. போர்டில் சொருகியிருந்தது. அந்த போர்டு இன்வெர்ட்டர் லைனில் இல்லை. அதுவரை இது எங்கள் யாருக்கும் உறைக்கவே இல்லை.

மூன்று மணி வாக்கில் ஆச்சி பாத்ரூமுக்கு எழுந்திருக்கிறாள். நடைவழியில் கால் வைத்தால் எரிகிற விளக்கு அன்றைக்கு எரியவில்லை. பல்புக்குக் கரண்ட் வந்துகொண்டிருந்தது, பல்பும் நன்றாகத்தான் இருந்தது. சுவர் சுவிட்சை ஒரு தடவை அணைத்துப் போட்டிருந்தாலே எரிந்திருக்கும். ஆனால் அந்த சுவிட்சின் மேல் செலோடேப் ஒட்டி, "இதை மட்டும் தொடாதீங்க ஆச்சி" என்று சொல்லி வைத்திருந்தது நாங்கள்தான். சுவிட்சை அணைத்துவிட்டால் ஸ்மார்ட் பல்புக்கு உயிர் கிடையாதே, அதனால்! ஆச்சி எங்கள் பேச்சைத் தட்டவில்லை. இருட்டிலேயே நடந்தாள். நிலைப்படி தடுக்கிவிட்டது.

நல்லவேளை, எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. இடுப்பில் கன்றிப்போய் பத்து நாள் படுக்கை. "சுவிட்ச போட்டுருக்கலாம்ல ஆச்சி?" என்று கேட்டேன். "நீங்கதானல தொடாதன்னு சொன்னீங்க" என்றாள். அதற்குமேல் நான் எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் அண்ணன் போனில் பதறினான். அழுதான்கூட. அப்புறம் தீர்வும் சொன்னான்: நல்ல மெஷ் ரவுட்டராக வாங்கிவிடலாம், இன்னும் இரண்டு சென்சார் போடலாம், மோடத்துக்குத் தனி யு.பி.எஸ். வாங்கலாம். அதாவது, மேலே இன்னும் கொஞ்சம் செலவு.

அங்கேதான் எனக்கும் அவனுக்கும் முட்டிக்கொண்டது.

சரி, மேட்டருக்கு வருவோம். தானியங்கி வீடு சரியாக வேலை செய்யவில்லை என்றால், எல்லாரும் சொல்லும் மருந்து 'இன்னும் நல்ல கருவி வாங்கு' என்பதுதான். என் கட்சி வேறு. கருவிக்கும் விளக்குக்கும் நடுவில் நிற்கிற ஆட்களைக் குறைத்தாலே பாதி வியாதி போய்விடும். அதோடு, வீடு நன்றாக வேலை செய்கிறதா என்று மதிப்பெண் போட வேண்டியவர் அதை அமைத்த ஆள் கிடையாது. அது சொதப்பினால் சமாளிக்க முடியாத ஆள்தான் போட வேண்டும். எங்கள் வீட்டில் அது ஆச்சி.

எனக்கு இன்ஜினியரிங் தெரியாது. காமர்ஸ் தெரியும். அதனால் எனக்குத் தெரிந்த பாஷையிலேயே சொல்கிறேன்.

பாடம் 1: இடைத்தரகர்கள்

மார்க்கெட்டிங் பேப்பரில் 'சேனல் ஆஃப் டிஸ்ட்ரிப்யூஷன்' என்று ஒரு பாடம் உண்டு. உற்பத்தியாளரிடமிருந்து மொத்த வியாபாரி, சில்லறை வியாபாரி என்று கை மாறி வாடிக்கையாளருக்குப் பொருள் வரும். ஒவ்வொரு கைக்கும் நேரமும் ஆகும், செலவும் ஆகும். நடுவில் யாருமே இல்லாமல் நேராக விற்றால் அது ஜீரோ லெவல் சேனல். விவசாயி உழவர் சந்தையில் தானே கத்தரிக்காய் விற்கிற மாதிரி.

எங்கள் நடைவழி விளக்கின் சேனலை ஒரு பேப்பரில் வரைந்து பார்த்தேன். சென்சார், ரவுட்டர், மோடம், தெருவில் போகும் ஃபைபர் கேபிள், எங்கோ இருக்கும் கம்பெனி சர்வர், திரும்பவும் ஃபைபர், மோடம், ரவுட்டர், கடைசியில் பல்பு. ஆச்சியின் காலுக்கும் பல்புக்கும் எட்டடி தூரம்தான். அதற்கு இத்தனை தரகர்! இதில் ஒருவர் லீவு போட்டாலும் சரக்கு வராது.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2021 டிசம்பர் 7 அன்று அமேசானின் சர்வர்கள் படுத்துக்கொண்டபோது அமெரிக்காவில் அலெக்சா பேசவில்லை, ரிங் கேமரா வேலை செய்யவில்லை, ரூம்பா துடைப்பக்காரிகள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. 2025 அக்டோபர் 20 அன்று மறுபடியும் அதே கூத்து. வீட்டுக்குள் கரண்ட் இருந்தது, கருவி இருந்தது, ஆளும் இருந்தார்கள். தரகர்தான் வரவில்லை.

பயனர் வசதி பற்றி எழுதும் ஜேக்கப் நீல்சன் 1993-லேயே ஒரு கணக்கு சொல்லியிருக்கிறார். 0.1 நொடிக்குள் பதில் வந்தால் மனிதனுக்கு அது உடனே நடந்ததாகத் தோன்றும். 1 நொடி வரை பொறுத்துக்கொள்வான், ஆனால் தாமதம் தெரியும். அவர் சொன்னது கம்ப்யூட்டர் திரைக்கு. விளக்குக்கு இன்னும் கறாராக இருக்க வேண்டும் என்பேன். சாதாரண சுவிட்ச் காலம் காலமாக உடனே பதில் சொல்லித்தானே நம்மைப் பழக்கியிருக்கிறது?

அதனால் நான் செய்த முதல் வேலை, நடைவழி ஸ்மார்ட் பல்பைக் கழற்றியது. தெரு முனை எலக்ட்ரீசியன் அண்ணாச்சியைக் கூப்பிட்டு, சாதாரண 9 வாட் எல்.ஈ.டி. பல்பு போட்டு, வயரிலேயே சேர்க்கிற மோஷன் சென்சார் ஒன்றை மாட்டச் சொன்னேன். வைஃபை கிடையாது, ஆப் கிடையாது. சுவர் சுவிட்சும் சென்சாரும் இணையாக இருக்கின்றன. இரண்டில் எது சொன்னாலும் விளக்கு எரியும். அண்ணாச்சி கூலியோடு சேர்த்தாலும் அண்ணன் சொன்ன மெஷ் ரவுட்டர் விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. ஜீரோ லெவல் சேனல்!

எல்லாவற்றையும் இப்படிக் கழற்ற முடியாது என்பது தெரியும். மிச்சம் இருப்பவற்றுக்கு என் பொருளாதாரத்துக்கு எட்டிய வரை இதையெல்லாம் செய்தேன்:

1. மோடத்தை இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றினேன். ஐந்து மீட்டர் வயர் செலவு. இதில் மட்டும் அண்ணன் சொன்னது பாதி சரி.

2. மோடம் டி.வி.க்குப் பின்னால், ஸ்டீல் பீரோவை ஒட்டி இருந்தது. இரும்பு, அலையை மறிக்கும். ஹால் நடுவில் உயரமாக வைத்தேன். விலை குறைந்த ஸ்மார்ட் கருவிகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே பேசும். அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். எங்கள் மோடமும் எதிர் வீட்டு மோடமும் ஒரே சேனலில் கத்திக்கொண்டிருந்தன. எங்களுடையதை மாற்றினேன். செலவு பூஜ்யம்.

3. அண்ணன் வாங்கிய சுவிட்சுகளில், கம்பெனி சர்வருக்குப் போகாமல் வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே கட்டளை வாங்கும் வசதி இருந்தது. யாரும் அதை இயக்கி வைக்கவில்லை. அக்காவுக்குப் பிளஸ் டூவில் கிடைத்த அரசு லேப்டாப் பரண்மேல் தூங்கிக்கொண்டிருந்தது. அதில் ஹோம் அசிஸ்டன்ட் என்ற மென்பொருளைப் போட்டேன். பாலஸ் ஸ்கௌட்சன் 2013-ல் ஆரம்பித்தது. திறந்த மூலம், காசு கிடையாது. இப்போது கட்டளை வீட்டு வாசலைத் தாண்டுவதில்லை. முன்பு இரண்டு நொடி எடுத்த ஹால் ஃபேன் இப்போது அரை நொடிக்குள் சுற்றுகிறது. (என் செல்போன் ஸ்டாப்வாட்ச் கணக்கு. ஆராய்ச்சி என்று நினைத்துவிடாதீர்கள்.)

4. கரண்ட் போய் வந்தால் என்ன நிலையில் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு பல்புக்கும் ஆப்பில் ஒரு அமைப்பு உண்டு. 'முன்பு இருந்த நிலை' என்று மாற்றினேன். நடுராத்திரிக் கல்யாண வீடு அன்றோடு முடிந்தது.

5. அண்ணன் எழுதி வைத்திருந்த தானியங்கி விதிகள் இருபத்து மூன்று. அதில் ஒரு விதி 'சாயங்காலம் ஆனால் வாசல் விளக்கைப் போடு' என்றது. இன்னொன்று 'ஐந்து நிமிஷம் ஆள் இல்லையென்றால் வாசல் விளக்கை அணை' என்றது. இரண்டும் தினமும் குழாயடிச் சண்டை. ஏழு விதிகளை வைத்துக்கொண்டு மிச்சத்தை அழித்தேன்.

பாடம் 2: பிரேக் ஈவன்

'ஸ்மார்ட் கருவி கரண்டை மிச்சம் பிடிக்கும்' என்று அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும். பேனா எடுத்துக் கணக்குப் போட்டேன்.

ஸ்மார்ட் கருவி சும்மா இருக்கும்போதும் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். அதற்குச் சுமார் அரை வாட்டிலிருந்து ஒரு வாட் வரை இழுக்கும். ஒரு பல்பு அரை வாட் இழுக்கிறது என்று வைத்தால், 24 மணி நேரத்துக்கு 12 வாட்-ஹவர். அதே கரண்டில் 9 வாட் பல்பு ஒரு மணி இருபது நிமிஷம் எரியும். அதாவது, தினமும் ஒரு மணி இருபது நிமிஷத்துக்கு மேல் அந்த விளக்கை அணைக்க மறக்கிறவர்களுக்கு மட்டும்தான் லாபம். எங்கள் வீட்டில் அம்மா இருக்கும்வரை ஒரு விளக்கும் பத்து நிமிஷம் அனாவசியமாக எரியாது. அப்போ நஷ்டம்தானே!

ஃபேன் வேறு கதை. பழைய சீலிங் ஃபேன் 75 வாட். சுவிட்ச் ஒரு வாட் இழுத்தாலும் நாளைக்கு 24 வாட்-ஹவர்தான். இருபது நிமிஷம் மறந்து ஓடுகிற ஃபேனை நிறுத்தினாலே முதலுக்கு வந்துவிடும். மோட்டார் இன்னும் நல்ல கேஸ். ஒரு ஹெச்.பி. மோட்டார் அரை மணி நேரம் தொட்டியை வழியவிட்டால் ஏறக்குறைய அரை யூனிட் போச்சு, தண்ணீர் வேறு போச்சு.

மொத்தமாகப் பார்த்தால், பல்பும் சுவிட்சுமாக இருபது கருவிகள் ஆளுக்கு ஒரு வாட் இழுத்தால் மாதம் 14 யூனிட்டுக்கு மேல், வருஷத்துக்கு 175 யூனிட். விளக்கே எரியாமல்! அதனால் பிரேக் ஈவன் தாண்டாத எட்டு சுவிட்சுகளுக்கும் மிச்ச ஐந்து பல்பில் மூன்றுக்கும் ஓய்வு கொடுத்துவிட்டேன். நேர்மையாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் ஓடவிட்ட பழைய லேப்டாப்பும் பதினைந்து வாட்டாவது இழுக்கும். கழற்றியதில் மிச்சமானதை அது ஒன்றே தின்றுவிடும். கரண்ட் பில்லில் நான் ஜெயிக்கவில்லை. நேரத்திலும் நம்பகத்திலும்தான் ஜெயித்தேன். கருவி குறைந்ததால் வைஃபையில் கூட்டமும் குறைந்தது.

பாடம் 3: கோயிங் கன்சர்ன்

அக்கவுண்டன்சியில் முதல் வருஷமே சொல்லிக்கொடுப்பார்கள்: ஒரு நிறுவனம் தொடர்ந்து நடக்கும் என்ற அனுமானத்தில்தான் கணக்கு எழுதுகிறோம். நாளைக்கே மூடப்போகிறது என்றால் எல்லா மதிப்பும் மாறிவிடும். கம்பெனி சர்வரை நம்பி இருக்கும் சுவிட்சை வாங்குகிறவர், அந்தக் கம்பெனி கோயிங் கன்சர்ன் என்று தெரியாமலேயே கையெழுத்துப் போடுகிறார்.

அந்தக் கையெழுத்தின் விலை என்ன? அமெரிக்காவில் 300 டாலருக்கு விற்ற ரெவால்வ் ஹப்பை உருவாக்கிய கம்பெனியை 2014-ல் கூகுளின் நெஸ்ட் வாங்கியது. 2016 மே மாதம் சேவையை நிறுத்தியது. கருவி நல்ல நிலையில் இருக்கும்போதே வெறும் டப்பா ஆனது. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் கம்பெனி வாடிக்கையாளருக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் சர்வரை நிறுத்திவிட்டது. பிறகு பயனர்கள் சிலரே சேர்ந்து அதை வாங்கி உயிர் கொடுத்தார்கள். 1975-ல் ஸ்காட்லாந்தின் பிக்கோ எலக்ட்ரானிக்ஸ் உருவாக்கிய எக்ஸ்-10 இவற்றையெல்லாம்விட மெதுவானது, அடிக்கடி சொதப்பக்கூடியது. ஆனால் அது வீட்டு வயரிலேயே பேசியது. வெளியிலிருந்து யாரும் அதை நிறுத்திவிட முடியாது.

2022 அக்டோபரில் வந்த 'மேட்டர்' என்ற பொது விதிமுறை (நம்ம ஊர் மேட்டர் இல்லை, ஹி ஹி) இதைக் கொஞ்சம் சரி செய்கிறது. பல கம்பெனிக் கருவிகளும் வீட்டுக்குள்ளேயே ஒன்றோடொன்று பேச வேண்டும் என்பதுதான் அதன் சாரம். புதிதாக வாங்குகிறவர்கள் கடையில் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: "நெட் இல்லாட்டி இது வேலை செய்யுமா?" கடைக்காரர் தலையைச் சொறிந்தால் பொருளைக் கீழே வைத்துவிடுங்கள்.

எங்கள் வீட்டில் இன்னொரு சங்கதியும் இருந்தது. எல்லாக் கருவிகளும் அண்ணனின் மெயில் கணக்கில் பதிவாகியிருந்தன. பாஸ்வேர்டு பெங்களூரில், ஓ.டி.பி. பெங்களூரில், வீடு மட்டும் பாளையங்கோட்டையில். அவன் மீட்டிங்கில் இருந்தால் எங்கள் வாசல் விளக்கு அனாதை. இப்போது கணக்கு அம்மா பேரில். பாஸ்வேர்டு, காலண்டர் பின்பக்கம் அப்பா கையெழுத்தில்.

இவ்வளவு சொல்லிவிட்டு அண்ணன் பக்கத்து நியாயத்தைச் சொல்லாவிட்டால் தப்பு. மோட்டார் கருவி எங்கள் வீட்டின் பொக்கிஷம். அதைக் கழற்றச் சொன்னால் அம்மா என்னைக் கழற்றிவிடுவாள். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கும் கை கால் முடியாதவர்களுக்கும் குரலால் ஃபேன் போட முடிவது பெரிய விஷயம். அதில் விளையாட்டே இல்லை. முக்கியமாக, அவன் இதையெல்லாம் பந்தாவுக்காகச் செய்யவில்லை. பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு, ஆச்சி ராத்திரி எழுந்து நடந்தாளா, தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க ஆசைப்பட்டான். தூரத்தில் இருக்கிற பிள்ளைக்கு அது ஒரு ஆறுதல். அவன் போனில் வீடு பிரமாதமாகத்தான் தெரிந்தது. நடைவழியில் நின்ற ஆளுக்குத்தான் இருட்டாக இருந்தது.

பொங்கலுக்கு வந்தான். நான் செய்த மாற்றங்களையெல்லாம் ஒன்று விடாமல் நோண்டிப் பார்த்தான். லேப்டாப் கரண்டைச் சுட்டிக்காட்டிக் கிண்டல் செய்தான். "ராஸ்பெரி பை போட்டா இதுல கால்வாசிதான் ஆகும், பி.காமுக்கு இதெல்லாம் தெரியாது" என்றான். சரிதான், அதை ஒத்துக்கொள்கிறேன். நடைவழி சுவிட்சின் மேல் பாதி பிய்ந்த செலோடேப் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. யாரும் சொல்லாமல் அவனே நகத்தால் சுரண்டி எடுத்தான். பசை போகவில்லை என்று தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தான்.

"ஆச்சி, இனிமே நீங்க எந்த சுவிட்ச வேணும்னாலும் போடலாம்" என்றான்.

"சரில" என்றாள் ஆச்சி. தலையணைக்கு அடியில் வைத்திருக்கும் டார்ச் லைட்டை மட்டும் அவள் இன்னும் எடுக்கவில்லை. எடுக்கச் சொல்ல எங்கள் இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஸ்மார்ட் சமாசாரங்கள் இருந்தால், இன்று ராத்திரி ஒரு காரியம் செய்து பாருங்கள். மோடத்தைப் பிடுங்கி வையுங்கள். வீட்டிலேயே வயதான ஒருவரை, நீங்கள் பக்கத்திலேயே நின்றுகொண்டு, படுக்கையிலிருந்து பாத்ரூம் வரை போய்வரச் சொல்லுங்கள். வழியெல்லாம் வெளிச்சம் இருந்தால் உங்கள் வீடு பாஸ். இல்லையென்றால், புது ரவுட்டர் பார்க்கக் கடைக்குப் போவதற்கு முன்னால் தெரு முனை எலக்ட்ரீசியன் அண்ணாச்சியை ஒரு எட்டு பார்த்துவிட்டு வாருங்கள்.